ஆறு வயதுவரை பேசாத பிள்ளையின் ஊரில்

போன வருஷம் மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை. மொன்றியலில் பனி உருகி, நடைபாதை ஓரமெல்லாம் கறுத்த சேறு. சென்-லோரான் தெருவில் 55ஆம் இலக்க பஸ்ஸுக்காக நானும் மகனும் நின்றுகொண்டிருந்தோம். அவனுக்கு அப்போது மூன்றே முக்கால் வயது. பஸ் வரும் பக்கத்தைக் காட்டி, என் கையை இழுத்து, "ம்ம்ம்... ம்?" என்றான். கடைசி "ம்" மட்டும் மேலே ஏறி நின்றது. பஸ் எப்ப வரும் என்று கேட்கிறான் என்பது எனக்கு விளங்கியது. ஆனால் "பஸ்" என்ற சொல் அவன் வாயில் இன்னும் வரவில்லை. "அப்பா"வும் வரவில்லை.

நான் பதிலுக்கு "பியாந்தோ" என்றேன். பிரெஞ்சில் "இப்ப வந்திடும்" என்று அர்த்தம். நாலு மாதமாக அவனோடு நான் தமிழில் ஒரு சொல்லும் கதைத்திருக்கவில்லை.

இந்தக் கட்டுரை மொன்றியலில் பிறந்த ஓர் இசையமைப்பாளரைப் பற்றியது. பெயர் குளோத் விவியே. அவரிடம் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்வதற்கு முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டும். உங்களில் பல பேருக்கு இது தெரிந்த கதையாகவும் இருக்கலாம்.

ஒரு மொழி போதும்

நான் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு நாலு வயது. அப்பா அம்மா வடமராட்சி ஆட்கள். கோத்-தே-நேஜ் பகுதியில், மூன்றாம் மாடி அப்பார்ட்மென்டில் வளர்ந்தேன். 1977இல் கொண்டுவந்த 101ஆம் சட்டத்தின்படி எங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். போனேன். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம். பிறகு மாஸ்டர்ஸ், மென்பொருள் வேலை, கல்யாணம். மனைவி ரொறன்ரோவில் வளர்ந்தவர். எங்கள் வீட்டில் ஒரு வசனம் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடியும்.

மகன் இரண்டு வயதில் கதைக்கவில்லை. "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பாங்கள்" என்றார்கள் சொந்தக்காரர். இரண்டரையிலும் கதைக்கவில்லை. காதைப் பரிசோதித்தோம், நன்றாகக் கேட்கிறது. பேச்சுப் பயிற்சிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு நீளமானது. அப்போதுதான், பிள்ளைகளோடு நிறையப் பழகிய ஒருவர் அக்கறையோடு ஓர் ஆலோசனை சொன்னார். மூன்று மொழி இவனுக்குப் பாரம், பள்ளிக்கூட மொழி ஒன்றை மட்டும் பிடியுங்கள் என்றார்.

மென்பொருள் வேலையில் ஒரு புரோகிராம் ஓடாவிட்டால், ஒவ்வொரு பகுதியாக நிறுத்திப் பார்ப்போம். எதை நிறுத்தினால் மற்றது ஓடுகிறதோ அதில்தான் பிழை. அந்தப் பழக்கத்தில் நானும் யோசித்தேன். நிறுத்தக்கூடியது எது? பிரெஞ்சை நிறுத்த முடியாது. ஆங்கிலத்தை நிறுத்த மனமில்லை. தமிழை நிறுத்தினோம்.

வேலைநாட்களில் அவனைப் பார்ப்பது என் அம்மா. அவவுக்கு பிரெஞ்சில் "போன்ஜூர்", "மெர்சி", கடைக்காரரிடம் விலை கேட்க நாலு சொல், அவ்வளவுதான். நான் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா.

"அப்ப நான் அவனோடை என்னத்தைக் கதைக்கிறது மோனை?"

என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு, நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில், பக்கத்து அறையில் அம்மா அவனுக்குச் சோறு குழைத்துத் தீத்தும்போது ஒரு சத்தமும் வராது. முன்பெல்லாம் காகம், குருவி, நரி எல்லாம் வந்து அந்தச் சோற்றைக் கேட்கும். இப்போது கோப்பையில் விரல் படும் சத்தம் மட்டும்.

ஒருநாள் டொலார்-தே-ஓர்மோவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போய் வரும்போது காரின் பின்சீற்றிலிருந்து சொன்னா: "குமரகுருபரர் அஞ்சு வயசுமட்டும் கதைக்கேல்லை. தாய்தேப்பன் திருச்செந்தூரிலை கொண்டுபோய்ப் போட்டுட்டுக் கிடந்தவை. பிறகு அவர் பாடினதுதான் கந்தர் கலிவெண்பா. நீ பயப்பிடாதை." எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 17ஆம் நூற்றாண்டுப் புலவரை வைத்து ஒரு பேச்சுத் தாமதத்தை எப்படி விளங்கிக்கொள்வது?

பக்கத்து மேசையில் ஒரு செக்காரர்

அலுவலகத்தில் என் பக்கத்து மேசை நண்பர் செக் நாட்டவர், பெர்னோ நகரத்துக்காரர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அம்மாவோடு போனில் கதைப்பதைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இருவரும் ஒரே ராகத்தில் பேசுகிறீர்கள், யானாச்செக் இருந்தால் எழுதிவைத்திருப்பார்" என்றார். யார் என்று கேட்டேன்.

லேயோஷ் யானாச்செக். 1854இல் மொராவியாவில் ஹுக்வால்டி என்ற கிராமத்தில் பிறந்து, பெர்னோவில் இசை ஆசிரியராக இருந்தவர். 1928இல் காலமானார். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும். சந்தையில் விற்கிறவள் கூப்பிடுவது, ரயில் நிலையத்தில் யாரோ அலுத்துக்கொள்வது, ஒரு பிள்ளை அடம்பிடிப்பது என்று எல்லாவற்றையும் இசைக்குறியீடாக எழுதிவைப்பார். சொல்லுக்குள்ளே இருக்கும் ஏற்ற இறக்கத்தில்தான் மனுஷருடைய மனம் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்தக் காலத்து பெர்னோவில் அதிகாரத்தின் மொழி ஜெர்மன், அவர் வீம்போடு செக் மொழியைப் பிடித்துக்கொண்டவர். 1904இல் மேடையேறிய 'யெனூஃபா' என்ற அவருடைய இசைநாடகம் அந்தப் பேச்சு ராகத்திலிருந்து பிறந்தது. பிராக் நகரம் அதை மேடையேற்ற 1916 ஆகிவிட்டது. அவருக்கு 60 வயது தாண்டிய பிறகுதான் பேர் வந்தது.

நண்பர் சொன்னதில் ஒன்று என்னை விடவில்லை. 1903இல் யானாச்செக்கின் மகள் ஒல்கா 20 வயதில் காய்ச்சலால் இறந்துகொண்டிருந்தாள். தகப்பன் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்து, அவள் கடைசியாகப் பேசியவற்றின் ராகத்தை எழுதிக்கொண்டிருந்தார். முதலில் கேட்கக் கொடுமையாக இருந்தது. வீட்டுக்குப் போகும் மெட்ரோவில் யோசித்தபோது, பிள்ளையின் குரலை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் பட்டது.

அன்றிரவு மகன் போடும் ஒலிகளைப் போனில் பதிய ஆரம்பித்தேன். "ம்ம்ம்... ம்?" என்பது கேள்வி. "ம்-ம்ம்ம்" என்று கீழே இறங்கினால் வேண்டாம். "ஆ-ஆ-ஆ" என்று மூன்று படி ஏறினால் யாரோ கதவடியில். கேட்டுக்கொண்டே போனபோது ஒன்று விளங்கியது. பிரெஞ்சில் கேள்வி கேட்கும் ராகம் இது இல்லை. "வாறியோ?", "சாப்பிட்டியோ?" என்று அம்மா கேட்கும்போது கடைசி "யோ" எப்படி ஏறுமோ, அப்படியே இவனுடைய "ம்" ஏறுகிறது. சொல் வரவில்லை. ராகம் எப்போதோ வந்துவிட்டது.

இப்படியான இசையமைப்பாளர் எங்கள் ஊரிலும் இருந்தாரா என்று நண்பரிடம் கேட்டேன். "விவியே" என்றார். "அவர் இதற்கும் ஒரு படி மேலே. தனக்கென்று ஒரு மொழியே செய்தவர்."

மொன்றியலின் அநாதைப் பிள்ளை

விவியே 1948 ஏப்ரல் 14 மொன்றியலில் பிறந்தார். தாய் தகப்பன் யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அநாதை இல்லத்தில் விடப்பட்டு, இரண்டரை வயதுக்குப் பிறகு விவியே என்ற தொழிலாளர் குடும்பம் தத்தெடுத்தது. அந்தக் காலத்துக் கியூபெக்கில் கத்தோலிக்கத் திருச்சபையின் பிடி இறுக்கமானது. கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைகள் இப்படி இல்லங்களில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர் ஆறு வயதுவரை பேசவில்லை என்றும், பிள்ளைக்குக் காது கேட்காதோ, ஊமையோ என்று வளர்ப்பு வீட்டார் பயந்தார்கள் என்றும் அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இந்த வரியை வாசித்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அம்மாவின் குமரகுருபரர் ஞாபகம் வந்தது.

13 வயதிலிருந்து மாரிஸ்த் சகோதரர்களின் விடுதிப் பள்ளிகளில் படித்தார். துறவியாகப் போவதாகத்தான் ஏற்பாடு. நத்தார் நள்ளிரவுப் பூசையில் கேட்ட பாட்டுத்தான் தனக்கு இசையைக் காட்டியது என்று பிற்காலத்தில் சொன்னார். 18 வயதில், இந்த வாழ்க்கை உனக்குச் சரிவராது என்று அனுப்பிவிட்டார்கள். 1967இல் மொன்றியல் இசைக் கல்லூரியில் சேர்ந்து ஜில் திரம்ப்ளேயிடம் இசையமைப்புப் படித்தார். பிறகு ஐரோப்பா போய், ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் ஸ்டாக்ஹௌசனிடம் சீடராக இருந்தார். 1974இல் ஊர் திரும்பினார்.

1968இலேயே பாட்டுக்குரிய சொற்களைத் தானே இட்டுக்கட்டத் தொடங்கிவிட்டார். எந்த அகராதியிலும் இல்லாத சொற்கள். பிரெஞ்சு மாதிரியும் இருக்கும், எங்கோ கிழக்கு மொழி மாதிரியும் இருக்கும், ஒன்றுமாகவும் இருக்காது. வாழ்நாள் முழுக்க அதை விடவில்லை.

சென்-லோரான் தெருவில் அக்னி

அந்தச் சனிக்கிழமை மனைவிக்கு வேலை. மகனைக் கூட்டிக்கொண்டு விவியே இருந்த ஊரைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். முதலில் போனது சென்-லோரான் மெட்ரோவுக்குக் கிட்ட இருக்கும் மொன்யுமான்-நாசியோனால் அரங்கம்.

சென்-லோரான் தெருதான் மொன்றியலைக் கிழக்கு மேற்கு என்று பிரிப்பது. வீட்டு இலக்கங்களே இங்கிருந்துதான் தொடங்கும். அந்தக் காலத்தில் கிழக்கே பிரெஞ்சுக்காரர், மேற்கே ஆங்கிலேயர், நடுவில் இந்தத் தெருவைப் பிடித்து யூதர், இத்தாலியர், போர்த்துக்கீசர் என்று வந்தவர்களெல்லாம் குடியேறினார்கள். 1893இல் பிரெஞ்சுக் கனடியர் தங்கள் பெருமைக்காகக் கட்டிய அரங்கம் இது. அதே மேடையில் யூதர்கள் இத்திஷ் மொழி நாடகங்களும் போட்டார்கள். இப்போது தேசிய நாடகப் பள்ளியின் கையில் இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் கனமான கல் முகப்பு. மகனுக்கு அந்தக் கதவின் பித்தளைப் பிடிதான் பிடித்தது.

1980 மே 8 அன்று இங்கேதான் விவியேயின் 'கோப்பர்னிகுஸ்' என்ற இசைநாடகம் முதன்முதலாக மேடையேறியது. அதன் நாயகிக்குப் பெயர் என்ன தெரியுமா? அக்னி. நம்முடைய அக்னியேதான். இறந்துபோகிற ஒரு பெண் இந்த உலகத்திலிருந்து அடுத்த உலகத்துக்குப் போகிறாள். வழியில் மந்திரவாதி மெர்லின், மொசார்ட், 'அலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயிஸ் கரோல் எல்லோரும் வந்து அவளோடு பேசுகிறார்கள். பேச்சில் கொஞ்சம் பிரெஞ்சு. பெரும்பகுதி விவியேயின் சொந்த மொழி. பார்வையாளர் ஒருவருக்கும் அகராதி கொடுக்கவில்லை. ராகத்தை வைத்து விளங்கிக்கொள்ளவேண்டியதுதான், நான் என் மகனை விளங்கிக்கொள்வதுபோல.

பஸ் வந்தது. பிளாட்டோ பகுதியில் இறங்கி ஹென்றி-ஜூலியன் தெருவுக்கு நடந்தோம். விவியே படித்த இசைக் கல்லூரி இப்போது அங்கே இருக்கிறது, அவர் காலத்தில் வேறு இடம். சுற்றிவர, வெளியே இரும்புப் படி வைத்த மொன்றியல் வீடுகள். ஒரு ஜன்னலில் இருந்து யாரோ கிளாரினெட் பயிற்சி செய்வது கேட்டது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. மகன் சேற்றில் நின்றபடி தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு அந்த வரியின் கடைசி மூன்று சுரத்தை "ம்-ம்-ம்" என்று திருப்பிச் சொன்னான். நான் போனை எடுக்கமுதல் முடிந்துவிட்டது.

தேவதைகளின் தீவு

லோரியே மெட்ரோவிலிருந்து 51ஆம் இலக்க பஸ் மலையின் வடக்குப் பக்கமாக எட்வார்-மொன்பெத்தி தெருவுக்குப் போகும். மொன்றியல் பல்கலைக்கழகத்தின் இசைப் பீடம் அங்கே மலைச்சரிவில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து சில நிறுத்தம்தான். சின்ன வயதில் அந்தச் சரிவில் நான் பனிச்சறுக்கி இருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

உள்ளே பாலித் தீவின் கமலான் இசைக்கருவிகள் இருக்கின்றன. வெண்கலத் தகடுகளும் கிண்ணம் கிண்ணமான கோங்குகளும், சிவப்பும் பொன்னுமாகச் செதுக்கிய தாங்கிகளில். 1986இல் வன்கூவரில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு இந்தோனேசிய அரசு இவற்றைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. விவியேயின் நண்பரான ஹொசே எவாஞ்செலிஸ்தா என்ற இசையமைப்பாளர் இங்கே மாணவர்களுக்கு கமலான் பட்டறை தொடங்கினார்.

விவியேக்கும் பாலிக்கும் நெருக்கம் உண்டு. 1976 கடைசியில் கிளம்பி ஜப்பான், தாய்லாந்து, ஈரான், எகிப்து என்று அலைந்தார். அதிக நாள் தங்கியது பாலியில். 1977இல் 'புலாவ் தேவாத்தா' என்று ஓர் இசை எழுதினார். பாலிக்காரர் தங்கள் தீவுக்கு வைத்திருக்கும் பெயர் அது. 'புலாவ்' என்றால் தீவு. 'தேவாத்தா' என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தெரியாத ஊரில், தெரியாத மொழிக்காரர் நடுவில், இசைக்கு ஆட்கள் கூடி வாழும் ஒரு கிராமத்தைப் பார்த்துவிட்டு வந்தவருடைய எழுத்து அதற்குப் பிறகு மாறியது. சிக்கலைக் குறைத்தார். ஒற்றை ராகம் முன்னுக்கு வந்தது.

அந்த ராகம் முழுதாகப் பூத்தது 1980இல் எழுதிய 'லோன்லி சைல்ட்' என்பதில். தனித்த பிள்ளை என்று அர்த்தம். ஒரு பெண்குரலும் சிறிய வாத்தியக் குழுவும். கிட்டத்தட்ட 20 நிமிஷம். கோயில் மணிபோல ஒரு நாதத்தோடு தொடங்குகிறது. குரல் ஒரு பிள்ளையை நித்திரையாக்கிப் பாடுகிறது. முதலில் பிரெஞ்சில், பிறகு அந்தச் சொந்த மொழியில், பிறகு இரண்டும் கலந்து. தன்னைப் பெற்றவள் எப்படிப் பாடியிருப்பாள் என்று தெரியாத ஒருவர் தனக்கே எழுதிக்கொண்ட தாலாட்டு என்று பலர் இதைக் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

இதன் ஒலி வேறு எதைப்போலவும் இருக்காது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாடுகிறவளின் சுரம் ஒன்று, கீழே தாங்கி நிற்கும் சுரம் ஒன்று. இரண்டின் அதிர்வெண்ணையும் எடுத்துக் கூட்டுகிறார். உதாரணமாக 220உம் 330உம் என்றால் 550. அந்த 550ஐ ஒரு வயலினுக்குக் கொடுக்கிறார். பிறகு 550ஐயும் கீழ்ச்சுரத்தையும் கூட்டி வருவதை இன்னொரு வயலினுக்கு. இப்படிக் கூட்டிக் கூட்டி மேலே போனால், அது தனித்தனிச் சுரமாகக் கேட்பதில்லை. குரலைச் சுற்றி ஒரு வெளிச்சம் மாதிரிக் கேட்கிறது. அவர் அதை நிறங்கள் என்றுதான் சொன்னார். என்னைப்போல நாள் முழுக்க எண்களோடு இருக்கிறவனுக்கு, இரண்டு எண்ணைக் கூட்டி இப்படி ஒன்று செய்யலாம் என்பதே ஆச்சரியம்.

அதன் பிறகு அவருக்குக் காலம் அதிகம் இருக்கவில்லை. 1981இல் கனடிய இசைப் பேரவை அவரை அந்த ஆண்டின் இசையமைப்பாளராகத் தேர்ந்தது. 1982இல் உதவிப்பணம் கிடைத்து பாரிஸ் போனார். தான் ஆண்களை விரும்புகிறவர் என்பதை அவர் ஒளித்ததில்லை. 1983 மார்ச்சில், தான் கூட்டிக்கொண்டு வந்த ஓர் இளைஞனால் தன் அறையிலேயே கொல்லப்பட்டார். வயது 34. மேசையில் முடிக்காத கைப்பிரதி ஒன்று கிடந்தது. அதிலும் ஒருவன் ஒரு இளைஞனைச் சந்தித்துக் கத்திக்குத்து வாங்குகிற இடத்தில் எழுத்து நிற்கிறது. லிகெட்டி போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் அவரைக் கொண்டாடியது பிறகு. இன்று உலகம் முழுக்க அவரை வாசிக்கிறார்கள்.

பீடத்தின் வாசல் படியில் இருந்து மகனுக்குப் பிஸ்கட் கொடுத்தேன். கீழே கோத்-தே-நேஜ் கட்டடங்கள் தெரிந்தன. தாய்மொழி எது என்று தெரியாத பிள்ளை ஒன்று இந்த ஊரில் தனக்கு ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. என் பிள்ளைக்கு அது வீட்டிலேயே, கோப்பையில் சோற்றோடு இருக்கிறது. நான்தான் வாயை மூடச் சொல்லியிருக்கிறேன்.

"இது என்ன பாஷை?"

பின்னேரம் வீட்டில் அம்மா இருந்தா. நான் சின்னச் சத்தத்தில் 'லோன்லி சைல்ட்' போட்டேன்.

"இது என்ன பாஷை?"

"ஒரு பாஷையும் இல்லை அம்மா. எழுதினவர் தானே கட்டினது."

"என்ன பாடுறா?"

"பிள்ளையை நித்திரையாக்கிறா."

"தாயோ?"

"தாய் ஆரெண்டு அவருக்குத் தெரியாது."

அம்மா கொஞ்சநேரம் கேட்டா. பிறகு சொன்னா: "எங்கடை ஆராரோவுக்கும் அர்த்தம் இல்லைத்தானே."

நான் அதை யோசித்ததே இல்லை. "ஆராரோ ஆரிரரோ" என்று எத்தனை தலைமுறை பாடியிருக்கிறது. அதற்கு ஒரு பொருளும் இல்லை. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டுவதால்தான் தாலாட்டு என்று சொல்வார்கள். பிள்ளைத்தமிழில் தாலப்பருவம் என்று ஒரு பருவமே அதற்கு இருக்கிறது. பேசாமல் இருந்த குமரகுருபரர்தான் பிறகு மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார். நம்முடைய பிள்ளைகளுக்கு முதலில் போவது அர்த்தமில்லாத நாக்கசைவும், அதைச் செய்கிறவரின் குரலும்தான். சொல் அதன்மேல் வந்து உட்காரும்.

"அம்மா, இனி அவனோடை தமிழிலையே கதையுங்கோ" என்றேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் நினைத்தேன், வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனா. கொஞ்சநேரத்தில் காகம் வந்து சோறு கேட்கிற சத்தம் கேட்டது.

பிறகு

அன்றிரவு தேடி வாசித்தபோது தெரிந்தது, பல மொழி கேட்டு வளரும் பிள்ளைகளைப் பற்றிய பழைய பயத்தை உடைத்த முக்கியமான ஆய்வு நடந்ததும் இதே ஊரில்தான். 1962இல் மக்கில் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பெர்ட்டும் மொன்றியலில் பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்த 10 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். இரண்டு மொழி தெரிந்த பிள்ளைகள் பின்தங்கி இருப்பார்கள் என்பதுதான் அதுவரை இருந்த எண்ணம். அவர்கள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். அது பேச்சுத் தாமதம் பற்றிய ஆய்வு இல்லை என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்கள் அதையும் பார்த்துவிட்டார்கள். இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. வீட்டு மொழியை நிறுத்துவதால் அது தீருவதும் இல்லை. முறை வந்து எங்களுக்குக் கிடைத்த பேச்சுப் பயிற்சியாளரும் முதல் நாளே அதைத்தான் சொன்னார்: உங்களுக்கு எந்த மொழி யோசிக்காமல் வருமோ, அதில் அவனோடு கதையுங்கள்.

தமிழைத் திருப்பிக் கொண்டுவந்ததால் அவன் பேசினான் என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சி, வயது, அவனுடைய நேரம் எல்லாம் சேர்ந்தது. நாலு வயதும் இரண்டு மாதமும் ஆனபோது முதல் தெளிவான சொல் வந்தது. "இந்தா." பிஸ்கட் ஒன்றை எடுத்து அம்மாவின் வாய்க்குக் கிட்ட நீட்டிச் சொன்னான். அம்மா அவனுக்குச் சோறு தீத்தும்போது சொல்கிற அதே "இந்தா", அதே இறக்கத்தோடு. இப்போது நாலே முக்கால். "அப்பம்மா, அங்கோர் சோறு" என்கிறான். அங்கோர் என்றால் பிரெஞ்சில் "இன்னும்". இன்னும் தாமதம்தான், இன்னும் பயிற்சிக்குப் போகிறோம்.

உங்கள் பிள்ளை கதைக்கப் பிந்தினால், முதலில் காதைப் பாருங்கள், பேச்சுப் பயிற்சியாளரிடம் பதிவு செய்யுங்கள், காத்திருக்காதீர்கள். அதெல்லாம் செய்துகொண்டே வீட்டில் தமிழில் கதைத்துக்கொண்டிருங்கள்.

மொன்றியல் வந்தால் இந்த வழியை அரை நாளில் சுற்றலாம். சென்-லோரான் மெட்ரோவில் இறங்கி மொன்யுமான்-நாசியோனால், 55ஆம் இலக்க பஸ்ஸில் பிளாட்டோ, லோரியேயிலிருந்து 51இல் இசைப் பீடம். அங்கே மாணவர் கச்சேரிகள் அடிக்கடி நடக்கும், நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டுப் போங்கள். கமலான் கச்சேரி இருக்கும் நாளாக இருந்தால் அதிர்ஷ்டம். 'லோன்லி சைல்ட்' பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன. பிள்ளை நித்திரையான பிறகு, லைட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு வேலையும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அம்மாவோ அம்மம்மாவோ அப்பம்மாவோ பிள்ளையோடு கதைப்பதைப் போனில் பதிந்துவையுங்கள். பாட்டாக இருக்கத் தேவையில்லை. "இந்தா", "வாறியோ", "கவனம், விழப்போறாய்" என்பவை போதும். என் போனில் இப்போது அப்படி 61 பதிவுகள் இருக்கின்றன. நாலு மாதத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை.